டிரோனுக்குக் கூடுதல் பாட்டரி: மேலே கட்டுவதா, வரப்பில் வைப்பதா?

நெல், பருத்தி, மக்காச்சோளம், கரும்பு முதலிய பயிர்களுக்கு மருந்து தெளிக்க டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானத்தை வாடகைக்கு அமர்த்தும் வழக்கம் பரவி வருகிறது. முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு சேற்றில் நடந்து ஓர் ஆள் பல மணி நேரம் செய்யும் வேலையை, இது 1 ஏக்கருக்கு ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் உடனே கீழே இறங்கி, பாட்டரியை மாற்றச் சொல்லி நிற்கிறது. வானம் இருட்டிக்கொண்டு வரும்போதோ, இலைச்சுருட்டுப் புழு அடுத்த வயலுக்குத் தாவும்போதோ இந்த நிறுத்தம் எரிச்சல் ஊட்டுவது இயல்பே. மேலேயே இன்னொரு ஜோடி பாட்டரியைக் கட்டிவிட்டால் ஒரே மூச்சில் முடிந்துவிடாதா என்று விவசாயிகள் கேட்பதில் தவறில்லை. கேள்வி நியாயமானது. விடை கணக்கில் இருக்கிறது.

சுமையின் கணக்கு

10 லிட்டர் தொட்டி கொண்ட ஒரு டிரோனை எடுத்துக்கொள்வோம். மாதிரிக்கு மாதிரி எடை சிறிது மாறினாலும் கணக்கின் போக்கு மாறாது. சட்டமும் மோட்டார்களும் சேர்ந்து சுமார் 11 கிலோ. பாட்டரி ஜோடி 4 கிலோ. மருந்துக் கலவை 10 கிலோ. ஆக மொத்தம் 25 கிலோ. இந்தச் சுமையோடு அது ஏறக்குறைய 10 நிமிடம் பறக்கும். தொட்டி காலியானால் அதே பாட்டரியில் அதைப்போல் இரண்டு பங்கு நேரம் நிற்கும்.

டிரோன் என்பது மாட்டு வண்டியோ டிராக்டரோ அல்ல. வண்டியில் சுமை கூடினாலும் எடையைத் தாங்குவது தரைதான். டிரோனோ தன் எடை முழுவதையும் ஒவ்வொரு விநாடியும் காற்றைக் கீழே தள்ளித்தான் தாங்க வேண்டும். ஆகவே எடை கூடும் விகிதத்தைவிட மின்சாரச் செலவு கூடும் விகிதம் அதிகம். எடை 100-லிருந்து 116 ஆனால், செலவு 100-லிருந்து சுமார் 125 ஆகிவிடும்.

மேற்சொன்ன டிரோனில் இன்னொரு ஜோடி பாட்டரியைக் கட்டினால் எடை 29 கிலோ ஆகிறது. பாட்டரி இரண்டு மடங்கு ஆனாலும் பறக்கும் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, சுமார் 1.6 மடங்குதான் ஆகும். மூன்றாவது ஜோடியையும் கட்டினால் எடை 33 கிலோ. நேரம் அப்போதுதான் இரண்டு மடங்கைத் தொடும். அதாவது மூன்று பங்கு பணம் போட்டு இரண்டு பங்கு வேலை. அதுவும் மோட்டார்கள் சூடேறாமல் அந்தச் சுமையைத் தாங்கினால்தான். 25 கிலோவுக்கு என்று செய்த மோட்டாரும் விசிறியும் 33 கிலோவைத் தூக்கத் திணறும். காற்று சற்று வேகமாக வீசினால் நிமிர்ந்து நிற்கத் தேவையான மிச்சத் திறன் அவற்றில் இராது.

எடையைக் கூட்டாமல், மருந்தைக் குறைத்துக்கொண்டு பாட்டரியைச் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். அப்போது தொட்டியில் 6 லிட்டர்தான் ஊற்ற முடியும். பறக்கும் நேரம் 20 நிமிடமாக உயரும், உண்மைதான். ஆனால் ஏக்கருக்கு 10 லிட்டர் வீதம் தெளிக்கும்போது அந்த 6 லிட்டர் ஐந்து நிமிடத்திற்குள் தீர்ந்துவிடுமே! மீதி நேரத்துக்கான மின்சாரத்தை வைத்துக்கொண்டு டிரோன் வெறுமனே சுற்ற வேண்டியதுதான். தொட்டியை நிரப்ப எப்படியும் கீழே இறங்க வேண்டும். முன்பு 10 லிட்டருக்கு ஒருமுறை இறங்கியது இப்போது 6 லிட்டருக்கு ஒருமுறை இறங்கும்.

தெளிப்பு வேலையில் முதலில் தீர்வது பெரும்பாலும் மருந்துதான், மின்சாரம் அல்ல. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மருந்து சுமக்காமல் படம் எடுப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் மட்டும் பறக்கும் சிறு டிரோன்களின் கதை வேறு. அவற்றில் தயாரிப்பாளரே தரும் பெரிய பாட்டரி ஓரளவு பயன் தரும். அந்த அனுபவத்தைத் தெளிப்பு டிரோனுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

ஒட்டு வேலையின் ஆபத்து

எடை ஒருபுறம் இருக்கட்டும். பாட்டரிகளை இணைக்கும் விதத்தில் இருக்கும் ஆபத்தே பெரிது.

இவை லித்தியம் வகைப் பாட்டரிகள். ஓர் அறை முழுமையாக ஏறினால் 4.2 வோல்ட். ஆறு அறை கொண்ட பாட்டரி 25.2 வோல்ட் காட்டும். அப்படி இரண்டை வரிசையாக இணைத்துத்தான் பெரும்பாலான தெளிப்பு டிரோன்கள் ஓடுகின்றன. கூடுதல் ஜோடியை இதற்குப் பக்கத்தில் இணைக்கும்போது இரண்டு ஜோடிகளும் ஒரே வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஒன்று முழுதாக ஏறியும் மற்றொன்று பாதி இறங்கியும் இருந்தால், ஏறியதிலிருந்து இறங்கியதற்கு மின்சாரம் மடை உடைந்த வாய்க்கால்போல் பாயும். இவற்றின் உள்தடை மிகக் குறைவு. ஆகவே 2, 3 வோல்ட் வித்தியாசமே நூறு ஆம்பியருக்கு மேல் ஓட்டிவிடும். முனையில் தீப்பொறி பறக்கும், கம்பி உருகும், பாட்டரியே தீப்பிடிக்கவும் கூடும்.

பழையதையும் புதியதையும் சேர்ப்பதும் ஆகாது. வரிசை இணைப்பில் வலுவிழந்த பாட்டரியின் அறைகள் முதலில் வறண்டுவிடும். மொத்த வோல்ட் போதுமானதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஓர் அறை செத்து, டிரோன் பயிருக்குள் விழும். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டி உழ யாரும் துணிவதில்லை அல்லவா?

வெளியில் கட்டிய பாட்டரியால் எடை ஒரு பக்கம் சாயும். அந்தப் பக்கத்து மோட்டார்கள் மட்டும் எப்போதும் கூடுதலாக உழைத்துச் சூடேறும். மேலும், மின்சாரம் குறையும்போது தானே திரும்பி வந்து இறங்கும் ஏற்பாடு டிரோனில் உண்டு. அது மூலப் பாட்டரியின் அளவுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. பாட்டரியை மாற்றினால் அந்த எச்சரிக்கை தவறிப்போகலாம்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 2021-ம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை உள்ளவை சிறு வகை. அதற்கு மேல் 150 கிலோ வரை நடுத்தர வகை. 25 கிலோ டிரோனில் 4 கிலோ சேர்த்தால் அது வகையே மாறிவிடுகிறது. சான்று பெற்ற அமைப்பை மாற்றிய டிரோன் விழுந்து யாருக்காவது காயம் ஏற்பட்டால் இன்சூரன்ஸ் தொகை கிடைப்பதும் சந்தேகமே.

வரப்பில் இருக்கட்டும்

அப்படியானால் கூடுதல் பாட்டரியே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அது இருக்க வேண்டிய இடம் டிரோனின் முதுகு அல்ல, வரப்பின் நிழல்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் வழங்க மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்தைப் பார்த்தாலே இது விளங்கும். 15,000 குழுக்களுக்கு, விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் என்பது அத்திட்டம். டிரோனுடன் வரும் பாட்டரி ஜோடி போக, மேலும் 4 ஜோடிகள் தர வேண்டும் என்று அதில் வகுத்திருக்கிறார்கள். இப்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் நாளொன்றுக்கு 20 ஏக்கர் வரை தெளிக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு.

ஐந்து ஜோடி என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. ஒரு ஜோடி பறப்பது 8 நிமிடம். இறங்கியதும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டிலேயே மின்னேற்றினால் பாட்டரியின் ஆயுள் விரைவில் குறையும். எனவே 20 நிமிடமாவது ஆற வேண்டும். பிறகு வேகமாக மின்னேற்றம் செய்ய அரை மணி. ஆகச் சுமார் ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று. இறக்கி, மருந்து ஊற்றி, மீண்டும் ஏற்ற 12 நிமிடத்துக்கு ஒரு பறப்பு என்று கொண்டால், ஒன்று மேலே இருக்க, மற்றவை ஆறிக்கொண்டும் ஏறிக்கொண்டும் தயாராகவும் இருக்க ஐந்து ஜோடி சரியாகப் பொருந்துகிறது. வயலில் மின்னேற்ற ஒரு சிறு ஜெனரேட்டர் தேவை. பாட்டரி மாற்றவோ ஒரு நிமிடம் போதும். மருந்து ஊற்றும் நேரத்திலேயே அது முடிந்துவிடும்.

வாடகைக்கு அமர்த்தும் சிறு விவசாயி, டிரோன் எவ்வளவு நேரம் பறக்கும் என்று கேட்பதைவிட, எத்தனை ஜோடி பாட்டரி கொண்டுவருகிறீர்கள், ஜெனரேட்டர் உண்டா என்று கேட்பதே மேல். இரண்டே ஜோடியுடன் வருபவரிடம் பத்தாவது ஆளாகப் பதிவு செய்தால், முறை வருவதற்குள் காற்று கிளம்பிவிடும். பிறகு தெளிப்பது பாதி பக்கத்து வயலுக்குப் போகும்.

விவசாயி தன் பங்குக்கும் மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம். டிரோன் ஏறி இறங்கும் இடம் வயலை ஒட்டியே இருக்கட்டும். தெருமுனையில் இறக்கி 300 மீட்டர் வீணாகப் பறக்கவிடக் கூடாது. வயலின் நீளவாக்கில் ஓட்டச் சொன்னால் திரும்பும் தடவைகள் குறையும். மருந்தை வடிகட்டிய நல்ல தண்ணீரில் முன்கூட்டியே கலக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் தனித்தனியே அழைக்காமல், அடுத்தடுத்த வயல்காரர்கள் நால்வர் ஐவர் கூடி ஒரே காலையில் வைத்துக்கொண்டால் இருவருக்கும் ஆதாயம். ஒரே பூச்சிக்கு ஒரே நாளில் மருந்து விழுவது பயிருக்கும் நல்லது.

சொந்தமாக டிரோன் வைத்திருக்கும் குழுக்கள் பாட்டரியைக் கண்ணைப்போல் காக்க வேண்டும். சரியாகப் பேணினாலும் அது சில நூறு தடவை மின்னேற்றம்தான் தாங்கும். அறுவடைக்காலம் போன்ற ஓய்வு நாட்களில் முழுதாக ஏற்றியோ முழுதாக வறளவிட்டோ வைக்காமல், அறைக்கு 3.8 வோல்ட் அளவில், பாதிக்குச் சற்று மேலாக வைத்துக் குளிர்ந்த இடத்தில் சேமிக்க வேண்டும். வைக்கோல் போருக்கு அருகிலும், இரவில் ஆள் பார்க்காத இடத்திலும் மின்னேற்றவே கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் எண் எழுதி, எத்தனை தடவை பறந்தது என்று நோட்டில் குறித்துவந்தால் எது தளர்கிறது என்பது தெரியும். ஒரே ஜோடியை எப்போதும் ஜோடியாகவே பயன்படுத்தவும் முடியும்.

உப்பிப்போன பாட்டரியை ஒருநாள்கூடப் பறக்கவிடக் கூடாது. குத்திப் பார்ப்பதும், குப்பையில் எறிவதும், பழைய இரும்புக் கடையில் போடுவதும் ஆபத்து. 2022-ம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. ஆகவே புதியது வாங்கும்போதே, பழையதை எங்கே ஒப்படைப்பது என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.