நோயாளியும் பாடமும் ஒரே ஊரில்!

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் பரப்பு மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். மக்கள்தொகையோ சுமார் 20 லட்சம்தான். 2003 வாக்கில் அங்கே ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களுக்குச் சிகிச்சை வேண்டுமென்றால், அல்புகர்க்கி நகரிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிலர் 400 கிலோமீட்டர் கார் ஓட்டி வந்தார்கள்.

ஊர் மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையைத் தாங்களே கொடுக்கத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அன்றைய சிகிச்சை வாரம் ஒரு இன்டர்பெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை. பலருக்கு 48 வாரம் இப்படியே. இடையில் ரத்தசோகை வரலாம், மனச்சோர்வும் வரலாம். பாடப்புத்தகத்தை மட்டும் நம்பி இதில் இறங்க முடியாது.

அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா, இந்தியாவில் மருத்துவம் படித்தவர். அவர் 2003இல் தொடங்கியதுதான் ‘புராஜெக்ட் எக்கோ’. வாரந்தோறும் ஊர் மருத்துவர்கள் வீடியோவில் கூடுவார்கள். ஒருவர் தன் நோயாளியின் பெயரைச் சொல்லாமல், ரத்தப் பரிசோதனை முடிவையும் தன் சந்தேகத்தையும் முன்வைப்பார். கல்லீரல், மனநலம், மருந்தியல் நிபுணர்கள் யோசனை சொல்வார்கள். முடிவு எடுப்பது ஊர் மருத்துவரே. இன்று ஒருவர் கேட்ட கேள்வி, கூட்டத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு நாளைக்கான பாடம்.

டெலிமெடிசினிலிருந்து இது விலகுவது இங்கேதான். அதில் நிபுணரின் நேரம் ஒரு நோயாளிக்குப் போகிறது. இதில் ஒரு மருத்துவரைத் தேர்ந்தவராக்குகிறது.

2011இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் 407 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. வைரஸ் நீங்கியவர்கள் பல்கலைக்கழகக் கிளினிக்கில் 57.5 சதவீதம், எக்கோ மருத்துவர்களிடம் 58.2 சதவீதம். அந்த 21 எக்கோ மையங்களில் ஐந்து, சிறைச்சாலைகள்! நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு இல்லை என்பதால், ஊர் மருத்துவரே மேல் என்று சொல்லிவிட முடியாது. அவரும் சளைத்தவர் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இதே முறையில் மனநலம், போதை மீட்புப் பயிற்சிகளை நடத்துகிறது.

கேமராவும் இணைய இணைப்பும் இன்று பெரிய செலவு இல்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவதுதான் கடினம். அதைப் பணிநேரமாகவே கணக்கிடும் நிர்வாகம் இருந்தால் திட்டம் நிலைக்கும். சொந்த நேரத்தில் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டால், திரை இருக்கும். முன்னால் உட்கார ஆள் இருக்காது.