உலோகங்களின் வலிமை எண்கள்

பாலமாயினும் கப்பலாயினும், அதனை வரையும் பொறியாளர் முதலில் நாடுவது உலோகங்களின் வலிமை அட்டவணையையே. ஆயினும் எண் மட்டும் போதாது. அது எந்நிலையில் அளக்கப்பட்டதென்பதையும் அறிதல் வேண்டும்.

கட்டுமான உருக்குக்குரிய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2062-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் ஈ 250 என்னும் வகையின் பெயரிலுள்ள எண், உருக்கு மீளாவண்ணம் நீளத் தொடங்கும் தகைவின் குறைந்தபட்ச அளவை மெகாபாஸ்கலில் குறிக்கின்றது. எனினும், 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனுக்கே அது பொருந்தும். 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தகட்டுக்கு அவ்வளவு 230 மட்டுமே. தடித்த தகடு மெல்லக் குளிர்வதால் அதன் படிகமணிகள் பருத்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகும்.

நீட்சி விழுக்காடுகளை ஒப்பிடுங்கால், சோதனைத் துண்டுகளின் அளவுநீளத்தையும் நோக்குதல் வேண்டும். முறியுமிடத்தில் துண்டு மெலிந்து மிகுதியாக நீளுமாதலால், குறுகிய அளவுநீளத்தில் விழுக்காடு உயர்ந்து தோன்றும்.

இழுவைச் சோதனை உணர்த்தாத இயல்புகளும் உள. 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லந்துத் துறையில் நின்றிருந்த 'ஷெனெக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல், அமைதியான நீரிலேயே ஏறத்தாழ இரண்டாக முறிந்தது. சாதாரண வெப்பநிலையில் நன்கு நீளும் உருக்கும், குளிர்காலத்தில், பற்றவைப்பிலுள்ள சிறு பிளவின் முனையிலிருந்து கண்ணாடிபோல் உடைந்துவிடக்கூடும். வெட்டுத்தடமிட்ட துண்டைச் சம்மட்டியால் தாக்கி முறிக்கும் சார்ப்பி சோதனையே இவ்வியல்பைப் புலப்படுத்துகின்றது. அச்சோதனையின் எண்ணுக்கும் வெப்பநிலையைக் குறித்தாலன்றிப் பொருளில்லை.

ஆகவே, அட்டவணையின் அடிக்குறிப்பையும் எண்ணின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.