குப்பை யாருடைய சொத்து?

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் கரவாகு வயல்களுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர் சாய்ந்தமருது. வீடுகள் மதிலோடு மதில் நெருங்கி நிற்கும் அவ்வூரில் வெற்று நிலம் காண்பது அரிது. தரையோ மணற்பாங்கானது, சில முழம் தோண்டினாலே நீர் ஊறும். அங்கே குப்பையைக் குவித்தால், மழைநீர் அதனூடே இறங்கி, அழுகிய பொருள்களின் சாற்றை ஏந்திக்கொண்டு கிணற்று ஊற்றிலே கலக்கும். மணல் தூசியை வடிகட்டுமேயன்றி நீரில் கரைந்த நஞ்சை வடிகட்டாது. ஆதலின், ஊருக்குள் குப்பைமேட்டுக்கு இடமில்லை என்பது உண்மையே.

இடமில்லாத குப்பைக்கு முதலில் இடங்கொடுத்தது தோணா. மாரிகாலத்து வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய அந்நீரோடையிற் கழிவுகள் தேங்கின. வெள்ளம் வடிய வழியின்றிப் போனது மட்டுமன்றி, கொசுவும் துர்நாற்றமும் கரையோர மக்களின் அன்றாடத் துன்பமாயின.

மாநகர சபையின் வண்டிகள் திரட்டிய குப்பையோ, தெற்கே அட்டாளைச்சேனைப் பக்கத்துப் பள்ளக்காட்டிற்குச் சென்றது. அங்கே 2008-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் கழிவு முகாமைத்துவ நிலையம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. சுற்றுப்புறத்து ஒன்பது ஊர்களின் குப்பை அங்கு குவிந்தது, மீள்சுழற்சி நடைபெறவில்லை. 2014-இல் நிலையத்தின் மின்வேலியை இடி தாக்கியது, அதனைச் செப்பனிடுவாரில்லை. காட்டு யானைகள் உள்ளே புகுந்தன. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான செய்தியின்படி, அதற்கு முந்திய எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக்கை உண்டு மடிந்தன. இறந்தவற்றின் வயிற்றைச் சோதித்த மிருக வைத்தியர் கண்டவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளுமே.

யானையின் சாவு உலகச் செய்தியாயிற்று. அயலில் வாழும் மனிதரின் பாடு அத்துணை பேசப்படவில்லை. உணவு கிடைக்கும் இடத்தைவிட்டு யானைகள் அகலாமையால், ஊருக்குள் அவை வரும்போதெல்லாம் மக்கள் வெடி கொளுத்தி விரட்ட வேண்டியதாயிற்று. சிலர் தம் வீட்டைச் சுற்றித் தாமே மின்வேலி கட்டினர். முறையறியாது கட்டிய வேலி, கட்டியவர் உயிருக்கே உலை வைக்கக்கூடும். குப்பையை ஆக்கியவர் ஓரூரில், அச்சத்தோடு வாழ்பவர் மற்றோரூரில்!

இதில் சட்டம் சொல்வது யாது? 1947-ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச்சட்டம் இவ்விடயத்தில் மிகத் தெளிவாகப் பேசுகிறது. சபை சேகரித்த குப்பை சபையின் சொத்து என்கிறது 130-ஆம் பிரிவு. அதனை முறையாக அகற்றுவதற்கு ஏற்ற இடத்தை ஏற்பாடு செய்வதும், அவ்வாறு அகற்றுவதால் எவருக்கும் தொல்லை நேராதபடி பார்ப்பதும் சபையின் கடமை என்கிறது 131-ஆம் பிரிவு. சொத்தை வண்டியிலேற்றி எல்லை கடத்திவிட்டதனாற் கடமை தீர்ந்துவிடுவதாக அதில் எங்குமில்லை. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை அமைக்கும் வர்த்தமானி அறிவித்தல் 2020 பெப்ரவரியில் வெளிவந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டதை நேயர்கள் அறிவர். எந்தச் சபையின் பெயரால் வண்டி ஓடினும், அது சென்று சேருமிடத்தில் ஓர் அயலூர் இருக்கும்.

கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், சரிந்து வீடுகளை மூடியது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேடு ஒரே நாளில் உயர்ந்ததன்று. அயலவரின் முறையீடும் அன்று எழுந்ததன்று.

இலங்கையின் நகரக் குப்பையிற் பாதிக்கு மேல் அழுகக்கூடிய பொருள்: சமையற்கழிவு, சந்தைக் கழிவு, இலைகுழை. இவற்றை வீட்டிலேயே வேறாக்கித் தந்தால் கூட்டெரு ஆக்கலாம். கரவாகு வயல்களுக்கே அது பயன்படும். உணவின் வாசனை இல்லாத குப்பையை யானையும் நாடாது. எஞ்சும் போத்தலும் தகரமும் விலைக்குப் போகும். ஆயினும் வீட்டார் வேறாக்கி வைத்த இரு பைகளையும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டினால், மறுவாரம் எவரும் வேறாக்கமாட்டார். எனவே வண்டியிற் பிரிவு அமைப்பதும், கூட்டெரு நிலையத்துக்கு ஆள் அமர்த்துவதும், பள்ளக்காட்டு வேலியைப் பேணுவதற்கான பணத்தைக் குப்பை அனுப்பும் சபைகள் தத்தம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்குவதும் ஒருங்கே நடைபெற வேண்டியவை.