அறுபத்தொன்றாவது மாதம்

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி சுமார் 17 கிலோமீட்டர். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தத் தூரம் பல நாள் வெறும் ஓட்டம்தான். சவாரி இருப்பது வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும்: சென்னை விமான நிலையத்துக்குப் போக வேண்டிய ஷூ கம்பெனி ஆட்கள், வேலூர் சி.எம்.சி.க்குப் போகும் நோயாளிகள், கல்யாண வீட்டுக்காரர்கள். ஏறுகிற இடத்திலிருந்துதான் கிலோமீட்டர் எண்ணவேண்டும் என்று பார்ட்டி கறாராகச் சொல்லிவிட்டால் போக 17, வர 17, ஆக 34 கிலோமீட்டர் நம் கைக்காசு. ஒரு கிலோமீட்டர் ஓட 9 ரூபாய் 40 காசு செலவு என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். அப்படியானால் சவாரிக்குச் சவாரி 320 ரூபாய் இந்த ரோட்டிலேயே போய்விடுகிறது.

இன்னோவா கிரிஸ்டாவை வைத்துப் போட்ட கணக்கு இது. விலையும் வட்டியும் வாடகையும் நான் உத்தேசமாக எடுத்துக்கொண்டவை; அவரவர் தம் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சாலைக்கு வரும்போது விலை: 24,00,000
முன்பணம்: 6,00,000
கடன்: 18,00,000, 10 சதவீத வட்டி, 60 மாதம்
மாத டியூ: 38,245
ஓட்டம்: மாதம் 22 நாள், நாளுக்கு 250 கி.மீ., ஆக 5,500 கி.மீ.
டீசல்: லிட்டர் 92.40, லிட்டருக்கு 12 கி.மீ.; கி.மீ.க்கு 7.70
டயர்: நான்கும் சேர்ந்து 40,000, ஆயுள் 50,000 கி.மீ.; கி.மீ.க்கு 0.80
சர்வீஸ்: 10,000 கி.மீ.க்கு ஒருமுறை 9,000, கி.மீ.க்கு 0.90
வாடகை: கி.மீ.க்கு 19, டோல் பார்ட்டி பொறுப்பு
பேட்டா: நாளுக்கு 400

5,500 கிலோமீட்டருக்கு வாடகை 1,04,500 ரூபாய். ஓட்டச் செலவு 51,700 போனால் 52,800. டியூ கட்டினால் 14,555. இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்.சி. வகைக்கு மாதம் 5,000 எடுத்து வைத்தால் 9,555. பேட்டா 8,800ஐச் சேர்த்தால் 18,355. எல்லா ஓட்டத்துக்கும் வாடகை கிடைத்தால் வரும் எண் இது. வெறும் ஓட்டத்தை இதில் கழிக்கவே இல்லை. 24 லட்ச ரூபாய் வண்டிக்குச் சொந்தக்காரர், தானே ஸ்டீயரிங் பிடித்து, மாதம் வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு டிரைவர் சம்பளம். 60 மாதமும் அதே சம்பளம்தான். அந்த 60 மாதத்தில் வட்டி மட்டும் சுமார் 4,94,700 ரூபாய் கட்டியிருப்பார்.

அறுபத்தொன்றாவது மாதம் அந்த 38,245 கையில் நிற்கிறது. 18,355 என்பது 56,600 ஆகிறது. வண்டி அப்போது 3,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்குகிறவர் நம்பகம் என்று சொல்வது முதல் நான்கைந்து வருடத் தொந்தரவின்மையை. வாடகைக்காரருக்கு நம்பகம் தொடங்குவதே 3,30,000ஆவது கிலோமீட்டரில்தான். அவருடைய லாபம் முழுக்க அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

கம்பெனி வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. மாதம் 5,500 ஓடுகிற வண்டிக்கு 18 மாதத்தில் அது தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் 42 டியூவுக்கும், அதற்குப் பின்னால் வரும் லாப காலத்துக்கும், வண்டியின் பெயரைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது. டொயோட்டா என்ற பெயர் நம் பக்கத்து வாடகை ஸ்டாண்டுகளில் அந்த உத்தரவாதமாக எப்படி ஆனது என்பதற்கு 2000ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

டொயோட்டா கிர்லோஸ்கர் மோட்டார் 1997 அக்டோபரில் தொடங்கப்பட்டது. பெங்களூரை அடுத்த பிடதி தொழிற்சாலையில் 1999 டிசம்பரில் உற்பத்தி ஆரம்பம். 2000 ஜனவரியில் குவாலிஸ் சந்தைக்கு வந்தது. அது புது வண்டி அல்ல. இந்தோனேசியாவில் 1977 முதல் ‘கிஜாங்’ என்ற பெயரில் ஓடிவந்த வண்டியின் மூன்றாம் தலைமுறை. அங்கே 1986இல் வெளிவந்த உருவம். கிஜாங் என்றால் கேளையாடு. பெட்டிபோன்ற உடம்பு, 8 பேரும் 10 பேரும் உட்காரும் இருக்கைகள், 2,446 சி.சி. டீசல் இன்ஜின், அதிலிருந்து 75 குதிரைசக்தி மட்டும். பழைய சரக்கை இங்கே தள்ளுகிறார்கள் என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. அந்தப் பழமைதான் அதன் பலம் என்பது என் எண்ணம். பதின்மூன்று வருடம் இந்தோனேசியக் கிராமத்து ரோடுகளில் அடிபட்டு, வரக்கூடிய கோளாறெல்லாம் வந்து, திருத்தப்பட்ட வண்டி நமக்குக் கிடைத்தது.

2005 பிப்ரவரியில் இன்னோவா வந்தது, குவாலிஸ் நிறுத்தப்பட்டது. 2,494 சி.சி., 102 குதிரைசக்தி. 2016 மே மாதம் கிரிஸ்டா: 2,393 சி.சி., 150 குதிரைசக்தி. ஆரம்ப விலை சுமார் 13.8 லட்சம். இதே கிரிஸ்டா 2023இல் 19.13 லட்சத்தில் தொடங்கியது. இரண்டுமே ஷோரூம் விலை. இந்தியாவில் விற்ற இன்னோவாக்கள் எல்லாத் தலைமுறையும் சேர்த்துப் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இன்ஜின் எண்களை ஒருமுறை வகுத்துப் பார்த்தால் வண்டிக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவது விளங்கும். குவாலிஸ் ஒரு லிட்டர் கொள்ளளவிலிருந்து எடுத்தது சுமார் 31 குதிரைசக்தி. இன்னோவா 41. கிரிஸ்டா 63. பதினாறு வருடத்தில் அதே அளவு இரும்பிடமிருந்து வாங்கும் வேலை இரண்டு மடங்காகிவிட்டது. குவாலிஸின் டீசல் பம்பு முழுக்க இயந்திர வேலை. நல்ல கைப்பழக்கமுள்ள மெக்கானிக் ஷெட்டிலேயே பிரித்து மாட்டிவிடுவார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பத்துப் பேரோடு உறுமிக்கொண்டு மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறிவிடும். இன்னோவாவிலிருந்து டீசலைப் பீய்ச்சும் வேலை கம்ப்யூட்டர் கைக்குப் போனது. தண்ணீர் கலந்த டீசல் ஒருமுறை போட்டாலும், ஃபில்டரை மாற்றாமல் நாள் தள்ளினாலும் இன்ஜெக்டர் அடிபடும். ஐந்து லட்சம் கிலோமீட்டர் பார்த்த இன்னோவா அதிசயமில்லை என்று ஓட்டுகிறவர்கள் சொல்வது உண்மை. அந்த ஐந்து லட்சத்தில் ஆயில், ஃபில்டர், கிளட்ச், முன்பக்க புஷ், பிரேக் பேடு என்று வேளாவேளைக்குச் செலவழித்த பணமும் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

செலவில் எனக்குப் பெரிதாகப் படுவது வண்டி நின்ற நாள். சவாரி ஒத்துக்கொண்ட ஒரு நாள் வண்டி நின்றால் 250 கிலோமீட்டர் வாடகையில் ஓட்டச் செலவு போக வரவேண்டிய 2,400 ரூபாயும் பேட்டா 400 ரூபாயும் போச்சு. ஆக 2,800. மாதத்தில் நான்கு நாள் நின்றால் 11,200. டியூ காலத்தில் வீட்டுக்கு வரும் 18,355 ரூபாய் 7,155 ஆகிவிடும். பழுது பார்த்த பில் இதில் சேரவில்லை.

மாதத்தில் சவாரி இல்லாத 8 நாள் இருக்கிறதே, பழுதை அப்போது பார்த்துக்கொண்டால் என்ன? அங்கேதான் பழுதில் இரண்டு ஜாதி இருப்பது தெரிகிறது: சொல்லிவிட்டு வருவது, சொல்லாமல் வருவது. பழைய இன்னோவாவின் மீட்டர் பலகையில் டைமிங் பெல்ட்டுக்கென்றே ஒரு விளக்கு உண்டு. கிலோமீட்டர் எண்ணிக்கை வந்ததும் எரியும். அந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் வேலை வந்துவிடும். விளக்கு எரிந்ததும் சவாரியில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாற்றிவிட்டால் 2,800 ரூபாய் நஷ்டம் கிடையாது. கிரிஸ்டாவில் பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்துவிட்டது.

சொல்லிவிட்டு நிற்கும் இயந்திரம் என்பது டொயோட்டா காருக்கும் முந்திய சரித்திரம். சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறி, ஒரு நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அறுந்த நூலோடு கெஜக்கணக்கில் துணி வீணாகாது. ஒரு ஆள் பல தறிகளைப் பார்க்கலாம். 1926இல் தறிக் கம்பெனி தொடங்கினார்கள். 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்கு அந்தக் காப்புரிமையை 1 லட்சம் பவுனுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். தறிக் கம்பெனிக்குள் 1933இல் மோட்டார் பிரிவு பிறந்து, 1937இல் தனிக் கம்பெனி ஆனது. கார் தயாரிக்கும் வரிசையிலும் அதே விதிதான்: குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் வரிசை நிற்கும். இந்தியாவிலும் கிர்லோஸ்கரோடு டொயோட்டா குழுமம் முதலில் சேர்ந்தது 1995இல், நூற்பு இயந்திரம் செய்வதற்கு. குறை கண்ட இடத்திலேயே நிறுத்துவதன் அருமை ஆம்பூர் ஷூ வரிசையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மேல்தோலில் விட்ட ஒரு தையல் பிசகை அங்கேயே பிடித்தால் ஒரு ஜோடியோடு போகும். பெட்டிக்குள் போய்விட்டால் மொத்த ஆர்டரும் திரும்பி வரும்.

பெயரை நம்பிக் கடன் வாங்குகிறவர் அந்தப் பெயரின் மறுபக்கக் கணக்கையும் பார்த்தே ஆகவேண்டும். ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற 2,64,170 ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகளில் டீசல் கரி வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த வண்டிகளில் இருந்தது கிரிஸ்டாவின் இன்ஜின் குடும்பம். குறையினால் வண்டியின் மதிப்பு 17.5 சதவீதம் குறைவு என்று 2022இல் நீதிமன்றம் சொன்னது; மேல்முறையீட்டில் 2023இல் அது 10 சதவீதமாகக் குறைந்தது. வழக்கு அந்நாட்டு உயர்நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவில் வண்டி தானாக வேகமெடுக்கும் புகாரை மறைத்ததற்காக 2014இல் டொயோட்டா 120 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. 2024 ஜனவரியில் வெளிவந்தது எனக்கு இவற்றைவிட வருத்தம் தந்தது. டீசல் இன்ஜின்களின் சக்தியை அளக்கும் சான்றிதழ்ச் சோதனையில், விற்கிற வண்டியில் இல்லாத மென்பொருளை வைத்து அளந்திருந்தார்கள். செய்தது டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். நூல் அறுந்தால் நிற்கும் தறியைச் செய்த அதே கம்பெனி. இந்தியாவில் கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் வண்டிகளை ஷோரூமுக்கு அனுப்புவது சில நாள் நிறுத்தப்பட்டது. சக்தியிலோ பாதுகாப்பிலோ மாற்றமில்லை என்று கம்பெனி சொன்னது. இருக்கலாம். ஆனால் அங்கே கயிற்றை இழுக்க ஒரு ஆள் இல்லாமல் போனது நிஜம்.

கரி வடிகட்டி நம்மூருக்கும் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி, அதன்பின் வந்த கிரிஸ்டாக்களில் உண்டு. சேர்ந்த கரி எரிந்து தீர இன்ஜின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடவேண்டும். வாரத்துக்கு இரண்டுமுறை நெடுஞ்சாலையில் சென்னை விமான நிலையம் போய்வரும் வண்டிக்குக் கவலையில்லை. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, வாணியம்பாடி மார்க்கெட் என்று நின்று நின்று ஓடும் வண்டியில்தான் விளக்கு எரியும். எரிந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது; அதுவும் சொல்லிவிட்டு வரும் பழுதுதான்.

டீசலே வேண்டாம் என்றால் 2022 டிசம்பரில் வந்த இன்னோவா ஹைகிராஸ் இருக்கிறது. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்தது, கம்பெனி சொல்லும் மைலேஜ் 23.24. பேட்டரிக்கு வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். எட்டு வருடம் என்று கேட்டால் நிறைவாக இருக்கும். மாதம் 5,500 ஓட்டத்தில் அது 29 மாதம். பேட்டரியின் பெரும்பகுதி ஆயுள் வாடகைக்காரர் தலையில்தான். டொயோட்டா முத்திரை போட்டதெல்லாம் டொயோட்டா இன்ஜினும் அல்ல: கிளான்சா என்பது சுசுகியின் பலேனோ, ரூமியான் என்பது எர்டிகா. நல்ல வண்டிகள்தான், குவாலிஸ் சம்பாதித்த பெயரை அவற்றின்மேல் ஏற்றிப் பார்க்கக்கூடாது.

பழைய வண்டி வாங்குகிறவர் மீட்டர் எண்ணை நம்பவேண்டாம். அது பின்னுக்கு ஓட்டப்பட்டிருக்கலாம். பிரேக் மிதிக்கட்டையின் ரப்பர், ஸ்டீயரிங் உறையின் தேய்மானம், சர்வீஸ் சீட்டுகளின் தேதி வரிசை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

இனி 61ஆவது மாதத்துக்குப் பின்னான கணக்கு. 56,600இல் பழுதுச் செலவுக்கு மாதம் 12,000 ஒதுக்குகிறேன். பழைய வண்டி என்பதால் மூன்று நாள் நிற்கும் என்று 8,400 கழிக்கிறேன். மீதி 36,200. குடும்பச் செலவுக்கு அதே 18,355 எடுத்தால் மிஞ்சுவது 17,845. ஆரம்பத்தில் போட்ட முன்பணம் 6 லட்சத்தை இந்த மிச்சத்திலிருந்து மீட்க 34 மாதம் ஆகும். மாதம் 19 நாள் ஓட்டத்தில் 4,750 வீதம் அந்த 34 மாதத்துக்கு 1,61,500 கிலோமீட்டர். முந்தைய 3,30,000ஐச் சேர்த்தால் 4,91,500. வண்டியை விற்றால் வரும் தொகையை நான் இதில் சேர்க்கவில்லை. அப்போது வண்டிக்கு வயது 94 மாதம். இன்னும் இரண்டு மாதத்தில் எட்டு வருடம் முடிந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காட்டிவந்த எஃப்.சி.யை வருடா வருடம் காட்டவேண்டும்.