ஒரு பகா எண்ணும் அதனை உரைக்கும் தமிழும்

கணித நூல்களைத் தமிழாக்கும்போது கலைச்சொற்களுக்கு அளிக்கும் கவனத்தைத் தொடரமைப்புக்கும் இடைச்சொற்களுக்கும் அளித்தல் வேண்டும். ஒரு கூற்றின் மெய்ம்மை பல இடங்களில் இவற்றையே பற்றி நிற்கிறது. 214,74,83,647 என்னும் பகா எண்ணைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்கலாம்.

1ஐவிடப் பெரியதாய், 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் முழு எண் பகா எண்ணாகும். 'பகு எண்' வினைத்தொகை. 'பகா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். உடன்பாடும் எதிர்மறையுமாக நிற்கும் இவ்விரு வகையுள் முழு எண்கள் யாவும் அடங்கும் என்று சொல்லமைப்பு எண்ணத் தூண்டும். ஆனால் 1 இரண்டிலும் சேராது. ஆகவே சொற்பொருள் வரையறைக்கு ஈடாகாது.

இவ்வெண்ணின் சிறப்பு அதன் வடிவில் உள்ளது. முப்பத்தோர் இரண்டுகளைப் பெருக்கி, வரும் பெருக்கற்பலனிலிருந்து 1ஐக் கழித்தால் இது கிடைக்கும், குறியீட்டில் 2³¹−1. இதனை 'இரண்டின் அடுக்கு முப்பத்தொன்றில் ஒன்று குறைய' என எழுதினால், 31இலிருந்தே 1 குறைவதாகவும் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டால் கிடைப்பது 2³⁰, அதாவது 107,37,41,824. அது இரட்டை எண். எனவே பகு எண்.

இவ்வடிவப் பகா எண்கள், 1644இல் இவை பற்றிய பட்டியலொன்றை வெளியிட்ட பிரெஞ்சுத் துறவி மெர்சென் பெயரால் வழங்குகின்றன. 'அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் இவ்வடிவ எண் பகா எண்ணாகும்' என்பது மெய். 'தான்' நீங்கினால் கூற்று பொய்யாகிறது. 11 பகா எண்ணே. ஆயினும் 2¹¹−1 ஆகிய 2047, 23×89 எனப் பகுபடும். 'இருந்தால்தான்' தேவையான நிபந்தனையையும், 'இருந்தால்' போதுமான நிபந்தனையையும் உணர்த்துகின்றன. மெர்சென் பட்டியலில் இடம்பெற்ற 2⁶⁷−1 பகு எண் என்பதை 1876இல் லூகாஸ் நிறுவினார். 67உம் பகா எண்ணே.

எனவே 31 பகா எண் என்பது மட்டும் போதிய சான்றாகாது. 2³¹−1 பகா எண் என்பதை 1772இல் ஆய்லர் நிறுவினார். பகு எண் எதற்கும் அதன் வர்க்கமூலத்தை விஞ்சாத பகாக் காரணி ஒன்றேனும் உண்டு. இங்கு அவ்வெல்லை 46,340. அதற்குள்ளும், 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதியாகும் பகா எண்களே இவ்வெண்ணுக்குக் காரணியாதல் கூடும். ஆகவே சோதிக்க வேண்டியவை மிகச் சுருங்கின. அவற்றுள் ஒன்றும் இதனை மீதியின்றி வகுக்கவில்லை. இங்கு 'எண்களே' என்பதிலுள்ள பிரிநிலை ஏகாரத்தை விட்டுவிட்டால், பிற எண்களை விலக்கும் கருத்து மறைந்து, நிறுவலின் அடிப்படையே நழுவிவிடும்.

2024இல் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841. அவ்வெண்ணின் இலக்கங்கள் 4,10,24,320. இத்தகைய எண்ணை இலக்கங்களால் எழுதிக் காட்டாமல், வடிவத்தைச் சொல்லியே குறிக்கிறோம். அங்கே தொடரமைப்பு பிழைத்தால் எண்ணே வேறாகிவிடும். ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள இலக்க வரிசையும் வாசகர்முன் இராது.