தொலைநோக்கியின் அருகில் ஓர் இசை விழா

மான்செஸ்டர் என்றதும் நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு ஆலைத் துணியே நினைவுக்கு வரும். அந்நகரத்துச் சர்வகலாசாலையின் ஜோட்ரல் பாங்க் வானாராய்ச்சி நிலையமோ, இங்கிலாந்தின் செஷயர் வயல்வெளிகளின் நடுவே உள்ளது. 1957-இல் இயங்கத் தொடங்கிய அதன் லவெல் ரேடியோ தொலைநோக்கியின் குறுக்களவு 76 மீட்டர்.

அதன் அருகே 2016-இல் ‘புளூடாட்’ என்னும் திறந்தவெளி விழா தொடங்கப்பெற்றது. விஞ்ஞானிகளின் சொற்பொழிவும் இசைக் கச்சேரியும் ஒரே திடலில் நடந்தன. வாயேஜர்-1 விண்கலம் 1990-இல் எடுத்த படத்தில் பூமி வெளிறிய நீலப் புள்ளியாகத் தெரிந்தது. விழாவின் பெயர் அதனின்று வந்ததே.

2023-இல் பெருமழையால் திடல் சேறாயிற்று. இறுதி நாளுக்கு மட்டும் சீட்டு வாங்கியோர் அனுமதிக்கப்படவில்லை. நிலம் தேறட்டும் என்று 2024-இல் விழாவையே நிறுத்தினர். தரிசு விடுதலின் பயனை அறிந்த நம் உழவர்க்கு இது புதிதன்று. பலர் கூடும் காரியம் நிலைக்க வேண்டுமாயின், இடங்கொடுத்த மண்ணையும் காத்தல் வேண்டும்.