கோட்டைக்குப் பக்கத்துல ஒரு கோட்டை!

பாஞ்சாலங்குறிச்சிக்கு டூர் போனா என்ன செய்வீங்க? கட்டபொம்மன் சிலை முன்னாடி மீசையை முறுக்கி ஒரு போட்டோ... உடனே பஸ் ஏறிடுவீங்க. ஒரு நிமிஷம் பாஸ்! நீங்க பார்த்தது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

அசல் கோட்டை மண்ணால் ஆனது. 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டாங்க. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டை சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரை, இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பிட்டார். மார்ச் கடைசியில் அந்த மண்சுவரிடம் கும்பெனிப் படை தோற்றுத் திரும்பியது! மே 24-ல் கோட்டை விழுந்தது, பிறகு தரைமட்டம்.

அகழ்வாய்வில் வெளிப்பட்ட அதன் அடித்தளம் பக்கத்துலயே இருக்கு. கான்கிரீட்தான் பலம்னு பரீட்சையில பக்கம் பக்கமா எழுதற எனக்கு, அங்கே நின்னப்ப பேச்சே வரலை. அடுத்த தடவை அங்கேயும் பத்து நிமிஷம் நில்லுங்க!